புஷ்பத்தின் லேப்டாப்பில் உட்கார்ந்திருந்தவர்கள்

அந்த லேப்டாப் போட்ட சத்தத்தைக் கேட்டால், மாடியில் யாரோ கிரைண்டரில் மாவு அரைக்கிறார்கள் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். மாவும் இல்லை, மண்ணும் இல்லை. திரை நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றோ சுற்றென்று சுற்றிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு புஷ்பம் உட்கார்ந்திருந்தாள்.

"சுத்து, நல்லா சுத்து. இந்தச் சுத்தை முண்டகக்கண்ணியம்மன் கோயில்ல சுத்தியிருந்தாப் புண்ணியமாவது கெடச்சிருக்கும்," என்று அதைப் பார்த்துச் சொன்னாள்.

தி. நகரில் உஸ்மான் ரோட்டிலிருந்து பிரிகிற சந்துகளில் ஒன்றில் இருந்தது சண்முகவேல் சில்க்ஸ். கீழே கடை. கல்லாவில் அவள் கணவர் சண்முகவேல். மாடியில் ஒற்றை அறை. ஆன்லைன் வியாபாரம் அங்கேதான். வெள்ளை விளக்கு ஒன்று, கேமரா ஒன்று, லேப்டாப் ஒன்று, சேலை விரிக்க ஒரு ஜமுக்காளம். சாம்ராஜ்யம் அவ்வளவுதான், ஆனால் அது புஷ்பத்தின் சாம்ராஜ்யம். கல்யாணமாகித் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த காலம் முதல் கீழே நின்று சேலை விற்றவள் அவள். முட்டி வலி வந்து நிற்க முடியாமல் போனபோது, 'அடடா, இனி என்ன செய்வாள்' என்று எல்லாரும் பாவமாகப் பார்த்தார்கள். அவளோ படியைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறி லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஒரு தடவை ஏறினால் போதும், அப்புறம் நாள் முழுக்க உட்கார்ந்தே விற்கலாம் என்பது அவள் கணக்கு.

அந்தக் கடைக்கென்றே மகன் பாலகணேஷின் சிநேகிதன் ஒருவன் ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தான். சேலை கேட்டு யாராவது பேசினால், அவருக்கென்று தனியாக ஒரு பக்கம் திறந்து, பொருத்தமான சேலைகளின் படத்தையும் வீடியோவையும் புஷ்பம் அதில் போடுவாள். அவர் தன் வீட்டில் இருந்தபடி போனில் அதே பக்கத்தைப் பார்ப்பார். புஷ்பம் இங்கே திறந்து வைத்திருக்கிற வரைதான் அங்கே தெரியும். இவள் மூடினால் அவர் போனில் 'இந்தப் பக்கம் மூடப்பட்டது' என்று வரும். பாலகணேஷ் அதை விண்டோ என்பான். புஷ்பத்துக்கு அது ஜமுக்காளம். "அடையாறு டீச்சருக்கு ஒரு ஜமுக்காளம் விரிச்சிருக்கேன்" என்று அவள் சொன்னால் கடையில் எல்லாருக்கும் விளங்கும்.

நன்றாகத்தான் ஓடியது. சில மாதங்களாகத்தான் மெஷின் நொண்ட ஆரம்பித்தது. ஒரு படம் வருவதற்குள் காப்பி ஆறிவிடும். நேற்று நடந்தது எல்லாவற்றுக்கும் மேல். அம்பத்தூரிலிருந்து ஒரு குடும்பமே வீடியோ காலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. புஷ்பம் ஒரு சேலையின் முந்தானையை விரித்து "இதைப் பாருங்க" என்று வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே அவர்கள் வீட்டு டிவியில் நின்றுவிட்டது. குழந்தைகள் சிரிப்பது மட்டும் இவளுக்குக் கேட்டது. "பரவாயில்லைங்க, நேர்ல வர்றப்பப் பாத்துக்கறோம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நேரில் வருகிறவர்களா அவர்கள்?

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பாலகணேஷ் மெல்ல ஆரம்பித்தான். "உன் மேல தப்பில்லம்மா."

இப்படி யாராவது ஆரம்பித்தால் அடுத்து வருவது நல்லதாக இருக்காது என்று புஷ்பத்துக்குத் தெரியும்.

"இதெல்லாம் ஃபாஸ்ட்டா பண்ற வேலை. வேளச்சேரியில ஒரு கம்பெனி இருக்கு. ஆன்லைன் சேல்ஸ் முழுக்க அவங்களே பாத்துக்குவாங்க. நீ எதுக்கு இந்த வயசுல மாடி ஏறி இறங்கிக்கிட்டு? ரெஸ்ட் எடு. நாளைக்கு நாலு மணிக்கு விருதுநகர்க்காரங்க கல்யாணச் சேலை பாக்கறாங்க இல்ல? அதை மட்டும் நீ பண்ணு. அதுலயும் சுத்துச்சுன்னா கம்பெனிக்கு ஓகே சொல்லிடறேன். சாயந்தரம் அவங்க கூப்பிடுவாங்க."

ரெஸ்ட் என்ற சொல்லைப் போல புஷ்பத்துக்கு ஆகாத சொல் வேறு கிடையாது. ஆனால் அவளுக்கே சந்தேகமாக இருந்தது. கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுகிற ஆள் அவள். வட்டம் சுற்றுவது மெஷினிலா, தன்னாலா? மெஷின்தான் மெதுவாகிவிட்டதா, இல்லை தான் மெதுவானதை மெஷின் காட்டிக் கொடுக்கிறதா? விடிய விடிய இதே யோசனை. காலையில் முதல் வேலையாக அஸ்மத்துக்குப் போன் போட்டாள்.

அஸ்மத்துன்னிசா சிந்தாதிரிப்பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். நாற்பது வயதுக்காரி. வருஷா வருஷம் ரம்ஜானுக்குச் சேலை எடுக்க இங்கேதான் வருவாள். கீழே கல்லாவில் பில் மெஷின் மக்கர் செய்தாலும் அவள்தான். மாடிப் படியில் வரும்போதே அவள் குரல் வந்துவிட்டது.

"இன்னாக்கா இது, மேல ஏரோப்ளேன் எதனா வாங்கி வுட்டுக்கினு கீறியா?"

"வா தாயி, வா. நாலு மணிக்குள்ள இதை மனுசனாக்கிக் குடு. இல்லேன்னா என்னைய ரெஸ்ட் எடுக்கச் சொல்லிருவான் எம்மவன்."

"ரெஸ்ட்டு நல்லதுதானேக்கா?"

"நீ எடு."

அஸ்மத் சிரித்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு லேப்டாப்பைத் தொட்டாள். தொட்ட வேகத்தில் கையை எடுத்தாள். "அல்லாவே! தோசை வார்க்கலாம் போலக் கீது." பிறகு மெஷினைத் தூக்கிப் பார்த்தாள். அதற்கு அடியில் வெல்வெட் மெத்தை ஒன்று இருந்தது. புஷ்பமே தைத்துப் போட்டது, ஓரத்தில் ஜரிகை வைத்து. பக்கத்தில் காற்று போகிற சல்லடையில், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து அடைந்திருந்தன.

"இதுக்கு மெத்தை போட்டு, மூக்குலயும் சந்தனம் அடைச்சு வெச்சிருக்கியேக்கா. எப்டி மூச்சு வுடும் பாவம்?"

"சோறு போடுற மெஷின் இல்லையா? தரையிலயா வைப்பாங்க?" என்றாள் புஷ்பம். ஆனாலும் முகம் சுருங்கிவிட்டது.

அஸ்மத் அடிமூடியைக் கழற்றி, சந்தனத்தைச் சுரண்டி, தூசியை ஊதி எடுத்தாள். வெல்வெட் மெத்தைக்குப் பதிலாகச் சேலைப் பெட்டி மூடி இரண்டை இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, காற்றோட்டம் விட்டாள். சூடு குறைந்தது. வட்டம் குறையவில்லை. அடுத்ததாக உள்ளே நுழைந்து பார்த்தால் வைரஸ் தடுக்கிற மென்பொருள் இரண்டு இருந்தது. ஒன்று பாலகணேஷ் போட்டது. இன்னொன்று, 'உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது' என்று திரையில் வந்த அறிவிப்பைப் பார்த்துப் பதறிப்போய்ச் சண்முகவேல் போட்டது.

"ரெண்டு வாட்ச்மேனும் ஒருத்தனை ஒருத்தன் திருடன்னு புடிச்சிக்கினு கீறானுங்க," என்று சொல்லி ஒன்றை நீக்கினாள் அஸ்மத். கொஞ்சம் இளகியது. அவ்வளவுதான். எந்த வேலைக்கு எவ்வளவு சக்தி போகிறது என்று காட்டுகிற பட்டியலைத் திறந்தாள். பிராசஸர் தொண்ணூற்றெட்டு சதவீதம், மெமரி தொண்ணூற்றேழு சதவீதம் என்று சிவந்து நின்றது. எல்லாம் பிரவுசர் தின்கிற தீனி.

"ஒரு தபா ஆஃப் பண்ணிட்டுப் போட்டுப் பாப்போம்க்கா."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை. வெளக்கு வைக்கிற நாளும் அதுவுமா அணைக்கச் சொல்லுதியே."

"அணைக்கலக்கா. தூங்க வெச்சு எழுப்புறேன்."

"அப்படின்னாச் சரி."

தூங்கி எழுந்த லேப்டாப்பைப் பார்த்துப் புஷ்பம் அசந்துபோனாள். கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. சத்தமே இல்லை. வெகு நாளைக்கு அப்புறம் அந்த அறையில் கீழே சந்தில் பூக்காரி கூவுவது கேட்டது. பிராசஸர் ஆறு, மெமரி முப்பத்தி சொச்சம். அஸ்மத் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "முடிஞ்சுச்சு. டீ சொல்லுக்கா."

"நீ நல்லா இருப்பே தாயி. என் வயித்துல பால வார்த்தே," என்ற புஷ்பம் உற்சாகமாகத் தன் இடத்தில் உட்கார்ந்து பிரவுசரைத் திறந்தாள். அது எப்போதும் போல ஒன்று கேட்டது. இவளும் எப்போதும் போல ஆமாம் என்று தட்டினாள்.

கிரைண்டர் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அஸ்மத் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் திகைத்தாள். "இன்னாக்கா பண்ண?"

"நான் ஒண்ணுமே பண்ணலையே. முன்ன தெறந்திருந்ததை எல்லாம் தெறக்கவான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். தெனமும் அதான செய்யுதேன்."

அஸ்மத் குனிந்து திரையின் மேல் ஓரத்தைப் பார்த்தாள். எழுத்தே தெரியாத அளவுக்குப் பொடிப் பொடியாக ஒரு வரிசை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. எண்ணிப் பார்க்க முயன்று பாதியில் விட்டுவிட்டாள். "யாருக்கா இவங்க எல்லாம்?"

"வாடிக்கை. ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஜமுக்காளம்."

"வாங்கிட்டாங்களா?"

"வாங்குனவங்களை எடுத்து வச்சாச்சே. இவங்க எல்லாம் பாத்துட்டு இருக்கவங்க."

"எப்பத்துலர்ந்து?"

புஷ்பம் யோசித்தாள். "அடையாறு டீச்சர் பங்குனியில. பெசன்ட் நகர் பிள்ளை அதுக்கு முன்ன. ராஜா அண்ணாமலைபுரத்து அம்மா போன தீபாவளிக்கு. 'ஒரு நிமிஷம் இருங்க, அவர்ட்ட காட்டிட்டு வரேன்'னு சொல்லிட்டுப் போனாவ."

"அக்கா," என்றாள் அஸ்மத், நிதானமாக. "அந்தம்மா போயி அடுத்த தீபாவளியே வந்துடும் போலக் கீது. மூடுக்கா எல்லாத்தையும்." சொல்லிக்கொண்டே மவுசை எடுத்தாள். புஷ்பம் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அது மட்டும் முடியாது."

பட்டுக்கடையில் நின்றவர்களுக்குத்தான் இது புரியும். ஜமுக்காளத்தில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால், அவர் எழுந்திருக்கிற வரைக்கும் விரித்த சேலையை மடிக்கக் கூடாது. ஐம்பது சேலை குவிந்து கிடக்கட்டும், ஒன்றுகூடப் பிடிக்காமல் போகட்டும். அவர் கண் முன்னால் மடித்தால் 'நீ எழுந்து போ' என்று சொன்னதாக அர்த்தம். சண்முகவேல் சில்க்ஸில் அது எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தை மீறியவள் என்று ஒரு ஆள் சொல்லிவிட முடியாது புஷ்பத்தை. கடையில் உட்காருகிறவர்கள் எப்படியும் எழுந்து போய்விடுகிறார்கள். இந்த மெஷினில் யாரும் எழுந்து போகிறதே தெரிவதில்லை. அதுதான் வினை.

அவள் சொன்னதைக் கேட்டு அஸ்மத் முகவாயில் கை வைத்துக்கொண்டாள். "கடையில பத்து பேரை உக்கார வெக்கலாம். நீ தி. நகரையே உக்கார வெச்சுக்கினு கீறியேக்கா. ஒவ்வொரு பக்கத்துலயும் அத்தினி படம், அத்தினி வீடியோ. பத்தாததுக்கு, அவங்க பாக்குறாங்களா பாக்குறாங்களான்னு ஒவ்வொண்ணும் ஓயாம எட்டிப் பாத்துக்கினே கீது. மெஷின் மேல ஒரு தப்பும் இல்ல."

மெஷின் மேல் தப்பில்லை என்றால்?

புஷ்பத்துக்குக் காது மடல் சூடானது. ராத்திரி முழுக்கப் பயந்தது உண்மையாகிவிட்டது. ஆக, தான்தான். தன் கையாலேயே தன் இடத்துக்கு உலை வைத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அஸ்மத் பார்க்கக் கூடாதென்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

டீயை எடுத்துக்கொண்டு பாலகணேஷே மேலே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டான். கெட்ட சிரிப்பில்லை, ஆனாலும் சிரிப்பு. "ம்மா, அவங்க எல்லாம் எப்பவோ போயிட்டாங்கம்மா. அஸ்மத் அக்கா, ஒரே தட்டுல எல்லாத்தையும் க்ளோஸ் பண்ணிடுங்க. நாலு மணிக்கு விருதுநகர் இருக்கு."

"கேக்காம மடிக்க மாட்டேன்லே."

"யார்கிட்டம்மா கேப்ப?"

"அவங்கட்டதான்."

அதற்கும் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வெகு நேரம் உட்கார்ந்துவிட்டு, எடுக்கவும் மனமில்லாமல் எழவும் கூச்சப்பட்டுக்கொண்டு சிலர் இருப்பார்கள். அவர்களிடம் பக்கத்தில் போய், "எடுத்து வைக்கட்டுமாம்மா? இன்னொரு நாள் சாவகாசமாப் பாப்போம்" என்று சிரித்த முகமாகக் கேட்பார்கள். அவர் தலையாட்டினால்தான் மடிப்பு. புஷ்பம் போனைக் கையில் எடுத்தாள். பாலகணேஷ் தலையில் அடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனான்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் செய்தி. எல்லாருக்கும் ஒரே செய்தியை அனுப்பலாமே என்று அஸ்மத் சொல்லிப் பார்த்தாள், காது கொடுத்தால்தானே? "டீச்சர், அந்தப் பச்சையில மயில் கழுத்துக் கரை கேட்டியளே, அது விரிச்சபடியே இருக்கு. எடுத்து வைக்கட்டுமா?" "பெசன்ட் நகர் பிள்ளையா? உங்க அக்கா வளைகாப்பு நல்லபடியா நடந்துச்சா? சேலையை எடுத்து வைக்கட்டுமாம்மா?" யார் எதைப் பார்த்தார்கள், எதற்காகப் பார்த்தார்கள், எந்தக் கரையில் முகம் சுளித்தார்கள் என்று ஒன்று விடாமல் அவளுக்கு ஞாபகம் இருந்தது. கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு தேடுகிறவளா இவள் என்று அஸ்மத்தே வாயைப் பிளந்தாள்.

பதில்கள் வர ஆரம்பித்தன. "ஐயோ, இன்னுமா வெச்சிருக்கீங்க? சாரிங்க, எடுத்து வெச்சிடுங்க" என்று ஒருத்தி. "வளைகாப்பு முடிஞ்சு குழந்தையே பொறந்தாச்சு ஆன்ட்டி, தொட்டில் போடறதுக்கு வேற காட்டுங்க" என்று பெசன்ட் நகர். "நீங்க யாரு?" என்று ஒருவர். "நல்லவேளை ஞாபகப்படுத்தினீங்க, அந்தப் பச்சையை அனுப்பிடுங்க" என்று டீச்சர். ஒவ்வொரு பதிலுக்கும் புஷ்பம் "சரி, மடி" என்பாள். அஸ்மத் அந்தப் பக்கத்தை மூடுவாள். மெமரி தொண்ணூறுக்கு இறங்கியது. எண்பது. எழுபது. கிரைண்டர் சத்தம் மிக்ஸி சத்தமாகி, மின்விசிறிச் சத்தமாகிக் குறைந்துகொண்டே வந்தது. பதில் வராதவர்களுக்குப் போன் போட்டாள். போனையும் எடுக்காதவர்களுக்கு, "பதில் இல்லாததால எடுத்து வைக்கேன், கோவிச்சுக்காதீங்க. கூப்பிட்டா உடனே விரிப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மடித்தாள். மத்தியானச் சாப்பாடு தூக்குவாளியில் அப்படியே ஆறிக் கிடந்தது.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. ராஜா அண்ணாமலைபுரத்து சுந்தரவல்லி அம்மாள். மாம்பழக் கலரில் அரக்குக் கரை.

"இது மட்டும் ஒரு மாதிரியா கீதுக்கா," என்றாள் அஸ்மத். "தோ, இந்தப் பட்டியல்ல ஓடுற கோட்டைப் பாரு. மத்தது எல்லாம் ஒரே கோடாப் போச்சு. இது ஏறுது, எறங்குது, ஏறுது. எதுவோ வேலை நடக்குது இதுல." அந்தப் பக்கத்தை முன்னால் கொண்டுவந்து பார்த்தாள். மூடாமல் கிடந்ததே தவிர, புஷ்பம் அதை எட்டிப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. படம் வருவதற்கே அரை நாள் ஆகும் என்று விட்டுவிட்டாள். ஓரத்தில் கண் மாதிரி ஒரு அடையாளம் இருக்கும். வாடிக்கையாளர் அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் அது பச்சையாக எரியும்.

எரிந்துகொண்டிருந்தது.

"அட!" என்றாள் அஸ்மத். "உக்காந்துக்கினுதான் கீறாங்கக்கா!"

மாம்பழக் கலர் முந்தானையின் படம், யாரும் தொடாமலே திரையில் மெதுவாகப் பெரிதாகி நகர்ந்தது. அந்தப் பக்கத்தில் யாரோ விரலால் விரித்துப் பார்க்கிறார்கள். புஷ்பம் நம்பரைத் தேடி எடுத்துக் கூப்பிட்டாள். அடித்த மறு நொடி எடுத்தார்கள்.

"சண்முகவேல் சில்க்ஸ்ல இருந்து புஷ்பம் பேசுதேம்மா. சொகமா இருக்கியளா?"

தணிந்த குரலில், "மடிக்கப் போறேளா?" என்றார் சுந்தரவல்லி அம்மாள்.

புஷ்பம் போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லே, இத்தனை நாள் ஆச்சே, நீங்களும் எத்தனைன்னு வெச்சுண்டிருப்பேள்? அன்னிக்கு அவர்ட்ட காட்டினேன். 'இந்த வயசுல உனக்கெதுக்கு மாம்பழக் கலர்'னுட்டார். மாட்டுப்பொண்ணும் சிரிச்சா. சரின்னு நானும் விட்டுட்டேன். ஆனா மனசு விடலை. மத்தியானம் ஆத்துல எல்லாரும் படுத்துண்டப்பறம் இதைத் திறந்து வெச்சுண்டு பாத்துண்டிருப்பேன். உங்களுக்கு வேண்டாம்னு பதில் போட்டா மடிச்சுடுவேளே. அதான் சத்தம் போடாம இருந்துட்டேன். தப்புதான். மன்னிச்சுக்கோங்கோ."

"அதெல்லாம் விடுங்க. பிடிச்சிருக்கா?"

"ரொம்ப."

"அப்பப் பாருங்கம்மா. நல்லாப் பாருங்க. நீங்க எந்திரிக்கிற வரைக்கும் நான் மடிக்க மாட்டேன்." சொல்லும்போது புஷ்பத்தின் குரல் உடைந்தது. உடைந்தால் உடையட்டும் என்று விட்டுவிட்டாள்.

"ஒரு நாள் நேர்ல வந்து தோள்ல போட்டுப் பாக்கட்டுமா? வாங்கறேனோ இல்லையோ, தெரியாது."

"வாங்க. வாங்குறதைப் பத்தி யாரு கேட்டா?"

போனை வைத்தபோது அஸ்மத் ஏற்கெனவே துடைத்த ஸ்க்ரூ டிரைவரை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். "இது ஒண்ணு இருந்தா மெஷினுக்கு ஒண்ணும் ஆவாதுக்கா. தாங்கும்," என்றாள். பிரவுசர் இந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற பழையதைத் திறக்கவா என்று கேட்காதபடி ஒரு மாற்றம் செய்துவிட்டு, "இனிமே மாசத்துக்கு ஒரு தபா எல்லார்கிட்டயும் கேட்டு எடுத்து வெச்சிடு" என்றும் சொன்னாள். புஷ்பம் தலையாட்டினாள். சொல்லப்போனால் கடையிலும் அப்படித்தானே செய்வார்கள். கேட்க வேண்டியதை நேரத்தில் கேட்காமல் விட்டது தன் பிசகு என்று அவளுக்குப் பட்டது. பிசகு என்று தெரிந்துவிட்டால் திருத்திக்கொள்ளலாம். வயது என்று சொன்னால்தான் திருத்த வழி கிடையாது.

நாலு மணிக்கு விருதுநகர் திரையில் வந்தது. ஒரு ஹால் நிறையப் பெண்கள். கல்யாணப் பெண், அத்தைகள், சித்திகள், ஆளுக்கொரு அபிப்பிராயம். பாலகணேஷ் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சண்முகவேலும் கல்லாவைப் பூட்டிவிட்டு மேலே வந்து, மனைவி பார்க்காத இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்.

புஷ்பம் முந்தானையை விரித்தாள். வட்டம் வரவில்லை. ஜரிகையைத் திருப்பிக் காட்டினாள். வட்டம் வரவில்லை. "அந்தப் பெரியம்மா மொகத்தைப் பாத்தா இது பிடிக்கல போலத் தெரியுதே" என்று அவள் கேட்டதும் அங்கே ஹாலே சிரித்தது. சிரிப்பு அந்த நொடியே இங்கே கேட்டது. அப்புறம் அவளைப் பிடிக்க முடியுமா? முகூர்த்தச் சேலையில் ஆரம்பித்து சம்பந்தி வீட்டுச் சேலை வரைக்கும் முடித்துவிட்டுத்தான் விட்டார்கள். போகும்போது, "வளைகாப்புக்கும் உங்ககிட்டதான் ஆன்ட்டி" என்றாள் கல்யாணப் பெண். ஹாலில் இருந்த அத்தனை பேரும் அவளைப் பிடித்துக் கலாட்டா செய்தார்கள்.

கேமராவை அணைத்துவிட்டுப் புஷ்பம் முட்டியை நீவிக்கொண்டாள். அப்போது பாலகணேஷின் போன் அடித்தது. அவன் எடுத்துப் பார்த்துவிட்டு மாடிப்படிப் பக்கம் நகர்ந்தான்.

"ஏலே கணேசு. வேளச்சேரியா?"

"ஆமாம்மா. இல்ல, சும்மா கூப்பிடறாங்க. உனக்கு முட்டி வலி வேற இருக்கு. இன்னைக்கு நல்லாத்தான் போச்சு, ஆனா தினமும்..." அவன் இழுத்தான்.

புஷ்பம் அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"காலையில இருந்து நான் மொகந் தெரியாதவங்களை எல்லாம் கேட்டுக் கேட்டு எடுத்து வச்சேன். உனக்கும் தெரியும்தான? என்னைய மட்டும் கேக்காமலே மடிக்கியேலே."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அறையில் வேறு சத்தம் இல்லை. லேப்டாப்பிலும் இல்லை. திரையின் ஓரத்தில் அந்தப் பச்சைக் கண் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பாலகணேஷ் அம்மாவையும் அவளுக்கு முன்னால் குவிந்து கிடந்த சேலைகளையும் பார்த்தான். பிறகு போனைக் காதில் வைத்தான்.

"சொல்லுங்க சார். ஆமா சார், அந்த விஷயம்தான். இல்ல சார், இப்ப வேண்டாம். அம்மா இன்னும் எந்திரிக்கல."